நான் பட்டியலிலிருந்து எடுத்த கம்பெனிகள்

நான் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவன். திருவனந்தபுரம் மராமத்து ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் டிராப்ட்ஸ்மன். பாலம், மதகு, கச்சேரிக் கட்டடம், ஆஸ்பத்திரிக்குச் சமையல்கட்டு என்று என் கையால் வரைந்தவை இன்றும் பல இடங்களில் நிற்கின்றன. ஆபீசுக்காக இல்லாமல் என் சொந்த ஆசைக்காகவும் ஒரு கோடு போட்டேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

முதல் யுத்தம் முடிந்திருந்த சமயம். எங்கள் ஆபீசின் பெரிய துரைக்கு மெட்ராஸிலிருந்து இங்கிலீஷ் பத்திரிகை வரும். அவர் படித்து முடித்த பழைய பத்திரிகைகளை, நாங்கள் வரையும் படங்களுக்கு அடியில் விரிப்பதற்காக எங்கள் ஹாலுக்கு அனுப்புவார்கள். அதில் ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் கம்பெனிப் பங்குகளின் விலை இருக்கும். துணி மில், தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம், சிமெண்டு, பாங்கு. எல்லோரும் அதன் மேல் மைக்கூட்டை வைத்தார்கள். நான் படித்தேன்.

ஒரு விலை ஏறும், இன்னொன்று இறங்கும். மொத்தத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிந்துகொள்ள ஆசை வந்தது. பன்னிரண்டு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை விலைகளை ஒரு நோட்டில் எழுதி, பன்னிரண்டுக்கும் சராசரி எடுத்து, முதல் வாரத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளில் வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தேன். என் மனைவி அதைப் பார்த்து, "இது எந்த ஆத்தோட படம்?" என்று கேட்டாள். ஆறு என்றுதான் நினைத்தாள். அப்படித்தான் வளைந்து வளைந்து இருந்தது.

இரண்டாம் வருஷத்தில் ஒரு தேயிலைக் கம்பெனி மூடிப்போயிற்று. அதன் வரி பத்திரிகையில் நின்றுவிட்டது. விலையே இல்லாததை வைத்து எப்படிச் சராசரி எடுப்பது? அதை எடுத்துவிட்டு, நன்றாக நடந்துகொண்டிருந்த வேறொரு கம்பெனியை அந்த இடத்தில் போட்டேன். பழைய வாரங்களிலும் புதியதன் விலையையே தேடி நிரப்பி, கோட்டை முதலிலிருந்து திருத்தி வரைந்தேன். அடுத்த சில வருஷங்களில் இன்னும் இரண்டு மூடிப்போயின. அவற்றுக்கும் அப்படியே செய்தேன். அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தில் பிசகு வந்தால் பிளேடால் சுரண்டிவிட்டு அதன் மேல் புதிதாக மை போடுவது எங்கள் தொழிலில் தினமும் செய்கிற காரியம்.

கோடு அழகாக ஏறியது. நடுவில் இறங்கினாலும் மறுபடி ஏறியது. அதை நம்பி நானும் கையில் மிச்சப்பட்டதற்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகள் வாங்கினேன். ஒரு வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் வேறொன்று என்று ஐந்து கம்பெனிகளில் எனக்குப் பங்கு சேர்ந்தது.

எங்கள் ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். மலையாளமே பேசும் ஆபீசில் நாங்கள் இருவர்தான் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் மத்தியான இடைவேளையில் வராந்தாவில் சேர்ந்து உட்காருவோம். அவர் தூக்குப்பாத்திரம் அவர் பக்கம், என்னுடையது என் பக்கம். நான் அவர் பாத்திரத்திலிருந்து எடுத்ததில்லை, அவரும் நீட்டியதில்லை. ஆனால் மனதில் இருப்பதை நான் அவரிடம் சொன்ன மாதிரி என் உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொன்னது கிடையாது. இங்கே பிராமணர்களை எல்லோரும் கூப்பிடுவது போல அவரும் என்னை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயில் அது பாதி கேலியாகவும் பாதி அன்பாகவும் இருக்கும்.

அவர் மனைவி இரண்டாம் பிரசவத்தில் இறந்தவள். அப்போது அவரை மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றியிருந்தார்கள். பெண் டாக்டர் யாரும் அங்கே இல்லை. ஆண் டாக்டரிடம் போக அவள் கடைசிவரை சம்மதிக்கவில்லையாம். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மூத்தது ஒரு பெண். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்தப் பெண்ணை அவரே வளர்த்தார். காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு ஆபீசுக்கு வருவார். டைப் அடிக்கிற விரலில் சில நாள் தேங்காயெண்ணெய் வாசனை இருக்கும்.

அவளை மெட்ராஸுக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்கவைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. மனைவி வழியில் வந்த தென்னந்தோப்பை விற்ற பணம் கொஞ்சம் பாங்கில் கிடந்தது. அதன் வட்டியோடு சேர்த்தாலும் மெட்ராஸ் படிப்புக்குப் பாதிதான் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் வராந்தாவில் கேட்டார்.

"சாமி, நீரு பங்கு பங்குங்கிறீரே, பங்குன்னா என்னவே? கம்பெனிக்கு நாம கடன் குடுக்குதோமா?"

"கடன் இல்லை ஓய். கடன்னா திருப்பிக் கேக்கலாம். இது கூட்டு. ஒரு தோட்டத்தை ஆயிரம் துண்டா நறுக்கினா அதுல ஒரு துண்டு உம்மோடதுன்னு வச்சுக்கும்."

"எந்தத் துண்டுன்னு காட்டுவானா?"

"காட்டமாட்டான். லாபம் வந்தா உம்ம பங்குக்கு உள்ளதை அனுப்புவான்."

"வரல்லேன்னா?"

"அனுப்பமாட்டான்."

"பின்ன எதை நம்பி வாங்குதாங்க?"

எதை நம்பி என்று சொல்லத்தான் என்னிடம் கோடு இருந்ததே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் அப்போதுதான் ஞாயிறு ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு தட்டில் உரிக்காத பூவன்பழம் இரண்டு கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் வீட்டில் நான் சாப்பிடக்கூடியது அதுதான் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினாலு வயது இருக்கும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

மேஜையில் தாளை விரித்து நாலு மூலையிலும் புஸ்தகம் வைத்தோம். நான் விளக்கினேன். நூறில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாரும், இங்கே இறங்கியிருக்கிறது, ஆனால் ஒரு வருஷம் பொறுத்தவனுக்கு விட்டது திரும்பக் கிடைத்திருக்கிறது, ஏழு வருஷம் பொறுத்தவனுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கோட்டின் மேலேயே விரலை வைத்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்த நோட்டுல முதல்ல இருக்க தேயிலைக் கம்பெனி பேரு பின்னால காணல்லியே?"

"அது மூடிப்போச்சு அம்மா."

"மூடிப்போனது கோட்டுல எங்க இருக்கு?"

"அது இல்லை. அதை எடுத்துட்டேன். செத்துப்போன கம்பெனியை வச்சுண்டு என்ன பண்றது?"

"அப்பம், அதுல ரூவா போட்டவங்க? அவங்களும் கோட்டுல இல்லையா?"

நான் சிரித்தேன். நல்ல கம்பெனியாகப் பார்த்துப் போட்டால் அந்தக் கவலை வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. "எது நல்லதுன்னு முன்னாலயே எப்பிடித் தெரியும் மாமா?" என்றாள். அவள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

"பெரியவங்க பேசும்போ இடையில கேறாதே. உள்ள போ."

அவள் நோட்டை மூடி, மேஜையில் சரியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். இதை எழுதும்போதும் அந்த நோட்டை அவள் வைத்த விதம் கண்ணில் தெரிகிறது. கோபமாக வைக்கவில்லை. ஓரம் மேஜை ஓரத்தோடு சேரும்படி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி.

"எல்லாத்துலயும் இத்திரி இத்திரி வாங்கிப் போட்டா என்ன சாமி?"

"உம்ம தொகைக்கு அது சரிப்படாது. ஒவ்வொண்ணுக்கும் தரகுக்கூலி, பதிவுக்கூலின்னு போயிடும். நல்லதா ஒண்ணு இருந்தா போறும்."

அன்று நான் சொன்னதில் கூலி பற்றியது மட்டும் உண்மை. நானே ஐந்தில் வைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் கோட்டைப் பார்த்து ஒருவர் அப்படிப் பரவசப்பட்டதில் எனக்கு நிதானம் போயிருந்தது.

அந்த வருஷம் ரப்பர் ஏறிக்கொண்டிருந்தது. ஊரில் மோட்டார் வண்டிகள் பெருகின. மலையில் எங்கே பார்த்தாலும் ரப்பர் நடுகிறார்கள் என்று பேச்சு. என் பன்னிரண்டில் அதிக டிவிடெண்ட் கொடுத்தது ஒரு ரப்பர் கம்பெனி. என்னுடைய ஐந்தில் அதுவும் ஒன்று. தென்னந்தோப்புப் பணம் முழுவதையும் அதில் போட, மெட்ராஸ் தரகருக்கு நான்தான் கடிதம் எழுதினேன். அவர்தான் டைப் அடித்தார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

இரண்டு வருஷம் டிவிடெண்ட் வந்தது. முதல் முறை வந்தபோது கவரோடு வராந்தாவுக்கு வந்து, "சாமி, தோட்டத்துல எம் மரம் பால் சுரந்திருக்கு" என்றார். அந்தப் பணத்தில் மகளுக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு குடையும் அகராதி ஒன்றும் வாங்கினார். எனக்கு ஒரு நல்ல பேனா நிப்புப் பெட்டி. வாங்கமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பிறகு ரப்பர் இறங்கியது. எல்லாமே இறங்கியது. எந்தச் சனிக்கிழமை பார்த்தாலும் புள்ளி கீழே போயிற்று. தாளின் அடி ஓரம் போதாமல் கீழே இன்னொரு தாளை ஒட்டினேன். டிவிடெண்ட் நின்றது. ரப்பர் பால் எடுக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை, தோட்டங்களில் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தது.

அவர் கேட்டார். "சாமி, வித்துப்போடட்டா? இப்பம் வித்தா பாதியாவது தேறும்."

"இறங்கறப்ப விக்கறவன்தான் நஷ்டப்படறான். முன்னாலயும் இப்படி இறங்கியிருக்கு, ஏறியிருக்கு. நீர் பார்த்தீரே. விடாம பிடிச்சுக்கும்."

"அப்பம் சரி. நீரு சொன்னா சரி."

கோடு ஏறும் என்று நான் சொன்னது பொய்யாகவில்லை. சில வருஷம் கழித்து அது ஏறத்தான் செய்தது. ஆனால் அவர் கையில் இருந்தது கோடு அல்ல. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தை, சராசரி எடுத்தே பொழுதைக் கழித்த எனக்கு, அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் அவருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கும் அதே கடிதம் வீட்டுக்கு வந்திருந்தது. கம்பெனியைக் கலைக்கிறார்கள். இருக்கிற சொத்தை விற்று முதலில் கடன்காரர்களுக்குக் கொடுப்பார்கள். மிஞ்சினால் பங்குக்காரர்களுக்கு. மிஞ்சாது என்பது அடுத்த வரியிலேயே நாசூக்காக எழுதியிருந்தது. அவர் கடிதத்தை என் மேஜையில் வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் சாமி. ஆனாலும் நீரு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். நான் தப்பா வாசிச்சிருப்பேன்."

வாசித்தேன். அவர் சரியாகத்தான் வாசித்திருந்தார்.

எனக்கு என் பணத்தில் ஐந்தில் ஒன்று போயிற்று. அவருக்கு முழுவதும்.

அப்போது அந்தப் பெண் இன்டர்மீடியட் பாஸ் செய்திருந்தாள். நல்ல மார்க். மெட்ராஸிலிருந்து விண்ணப்பத் தாள்கூட வரவழைத்திருந்தார்கள். அதை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆறேழு மாதத்தில், சிலோனில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னார். இங்கே கிடைப்பதைவிட இரண்டு பங்கு சம்பளம். மூன்று வருஷம் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு வந்து மெட்ராஸில் சேருவாளாம்.

"அவளே தீருமானிச்சதுவே. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார்.

ரயில் அதற்குள் தம்பானூர் வரை வந்துவிட்டிருந்தது. வழியனுப்பப் போனேன். அதே தோட்டத்துக்கு ஜெபம் நடத்தப் போகிற ஒரு உபதேசியார் குடும்பம் துணைக்கு இருந்தது. தகரப்பெட்டி, ஒரு படுக்கை, பழைய குடை. அவள் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொசுவலை, கொதிக்கவைத்த தண்ணீர், வாரத்துக்கு ஒரு கடிதம் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கூஜாவை நிரப்ப அவர் குழாயடிக்குப் போனபோது அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா நான் இல்லேன்னா ராத்திரிக்கு வச்சுச் சாப்பிடமாட்டாங்க. மத்தியானம் ஆபீஸ்ல அவங்க பாத்திரத்தைக் கொஞ்சம் பாத்துக்கிடணும். மிச்சம் வச்சா எனக்கு எழுதணும்."

"எழுதறேன் அம்மா."

"நீங்க சங்கடப்படாண்டாம். மூணு வருஷம்தானே."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை. அவர் கூஜாவோடு வந்துவிட்டார்.

ஒன்றரை வருஷம் மாதம் தவறாமல் மணியார்டர் வந்தது. அவர் அதில் ஒரு காசு தொடாமல் போஸ்டாபீசில் போட்டுவைத்தார். அவர் மிச்சம் வைத்த நாட்களை நான் அவளுக்கு எழுதினேன். அவள் அவரைத் திட்டி எழுதுவாள். "உளவு சொல்லுதீரா சாமி?" என்று அவர் என்னிடம் சண்டைக்கு வருவார். அந்த நாட்களில் எங்களுக்குள் சிரிப்பு திரும்பியிருந்தது. நான்கூட, எல்லாம் சரியாகிவிடும் போல என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் சிலோனில் மலேரியா பரவியது. தோட்டங்களில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, பிள்ளைகளுக்குத்தான், நான் கொய்னா மருந்து கொடுத்துக்கொண்டு திரிகிறேன், நான் டாக்டர் ஆகிவிட்டேன் அப்பா என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அவர் ஆபீஸ் முழுவதும் காட்டினார்.

அது வந்து பத்து நாள் இருக்கும். காலை பதினோரு மணி. எங்கள் ஆபீசுக்கே ஒரு தந்தி வந்தது. நான் படத்தின் மேல் குனிந்திருந்தேன். பக்கத்து அறையில் டைப் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவர் மிஷினில் இருந்த பக்கத்தைக் கடைசி வரி வரை அடித்து முடித்து, உருவி, மேலதிகாரியின் தட்டில் வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"சாமி, இதுல எம் பிள்ளைக்க பேரு ஸ்பெல்லிங் தப்பா அடிச்சிருக்கான் பாரும். ஒரு எழுத்து மாறிக் கிடக்கு. வேற ஆளுக்கு உள்ளதாக்கும். நீரு பாத்துச் சொல்லும்."

ஒரு எழுத்து மாறித்தான் இருந்தது. தந்தியில் அப்படி வருவது வழக்கம். கீழே அந்தத் தோட்டத்தின் பெயரும் உபதேசியார் பெயரும் சரியாக இருந்தன. இவர் விலாசமும் சரியாக இருந்தது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சொல்லும் சாமி, சொல்லும்" என்றார். ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு மலையாளி சூப்பர்வைசர் வந்து அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் உட்கார்ந்த நாற்காலி என்னுடையது. என் படத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். மை ஈரம். அது அவர் உள்ளங்கையெல்லாம் ஒட்டியது.

அவளை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரால் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. "வயசு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். "நம்ம மூத்தவளைவிட ஒரு வயசுதானே கூட" என்றாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் அதற்கப்புறம் ஒரு வருஷம்தான் வேலை பார்த்தார். பென்ஷன் வாங்கிக்கொண்டு, நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் தம்பி வீட்டோடு போய்விட்டார். போகும்போது என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு, ஒரு விடுமுறைக்கு மாடியில் உட்கார்ந்து பழைய நோட்டுகளை எடுத்தேன். நான் எடுத்துவிட்ட மூன்று கம்பெனிகள், அதன் பிறகு செத்த ரப்பர் கம்பெனி, இன்னொன்று, எல்லாவற்றையும் அவற்றின் இடத்திலேயே வைத்தேன். மூடிய வாரத்திலிருந்து அவற்றுக்கு விலை பூஜ்யம். சராசரியை ஆரம்பத்திலிருந்து மறுபடி எடுத்தேன். எனக்கு எட்டு நாள் பிடித்தது. வரைந்து முடித்தபோது, தென்னந்தோப்புப் பணத்தை அவர் போட்ட வருஷத்தில் கோடு நூறையே தாண்டியிருக்கவில்லை. இந்தக் கோட்டை நான் அன்று அவர் மேஜையில் விரித்திருந்தால் அவர் பணம் பாங்கிலேயே இருந்திருக்கும்.

அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் தம்பி வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. நான் தாளை விரித்து, பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் சொன்னேன். நான் எதை எடுத்தேன், எப்படித் திருத்தினேன், உண்மையான கோடு எது என்று. என் ஐந்து கம்பெனிகளைப் பற்றியும் சொன்னேன். அவர் பழையபடி கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்தார்.

"அண்ணைக்கு எம் பிள்ளை கேட்டது இதைத்தானே?"

"ஆமாம்."

"நான் அவளை அதட்டி உள்ள போகச் சொன்னேன் சாமி."

"தப்பு என்னோடது ஓய். அவள் கேட்டதுக்கு நான் பதில் சொல்லியிருக்கணும்."

"அவ சின்னதுலேருந்தே இடையில கேறிக் கேப்பா. நான் ஒரு நாளும் அதட்டினதில்ல. அண்ணைக்கு ஒருநாள்தான் அதட்டினேன்."

அதையே நாலைந்து தரம் சொன்னார். நான் செய்தது அவர் காதில் ஏறவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அவர் தன் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் எனக்கு இடமே இல்லை போல இருந்தது.

கிளம்பும்போது ஒரு கவரைப் பெஞ்சில் வைத்தேன். என் பங்குகளில் ஒன்றை விற்ற பணம். அவர் அதைத் திறக்காமல் என் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். "வேண்டாம்வே. அவ அனுப்பினதே போஸ்டாபீசுல கெடக்கு. அதை எடுக்கவே எனக்குக் கை வரல்ல. இதுவும் எதுக்கு?" என்றார்.

பிறகு அடுத்த யுத்தம் வந்தது. ரப்பருக்கு மறுபடி விலை. தேயிலைக்கும் துணிக்கும் விலை. என்னிடம் மிச்சமிருந்த பங்குகள் எல்லாம் ஏறின. நான் கோடு போடுவதை விட்டுவிட்டிருந்தேன். ஆனாலும் வீட்டுக்கு டிவிடெண்ட் கவர்கள் வந்துகொண்டிருந்தன.

யுத்தத்தின் நடுவில் ஒரு தடவை அவர் திருவனந்தபுரம் வந்தார். ஒரு கண்ணில் புரை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். எங்கள் முறை வரும்வரை மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அரிசி ரேஷன், அவர் தம்பி பையன் பட்டாளத்துக்குப் போனது என்று பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று கேட்டார்.

"சாமி, அந்தத் தோட்டம் என்னாச்சுவே? காடா மாறியிருக்குமா?"

எனக்குத் தெரியும். நாலு வருஷமாகவே தெரியும். கலைத்தபோது அந்தத் தோட்டத்தைச் சொற்ப விலைக்கு வாங்கியது ஒரு தேயிலைக் கம்பெனி. என்னுடைய ஐந்தில் அதுவும் ஒன்று. அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வருகிற பணத்தில் பாதிக்கு மேல் அந்த மரங்களிலிருந்து வருகிறது. கம்பெனியின் வருஷ அறிக்கையில் தோட்டத்தின் பெயரே போட்டிருந்தான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரிடம் இன்னொரு தடவை மறைக்க என்னால் முடியவில்லை. சொன்னேன். யார் வாங்கினார்கள், அதில் எனக்குப் பங்கு இருக்கிறது, எல்லாம்.

அவர் புரை விழாத கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அப்பம் மரம் நிக்குதா?"

"நிக்கறது. பால் வெட்டறா."

"வெட்டி எறிஞ்சிருப்பான்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "நல்லா நிக்கட்டும்" என்றார். அப்புறம் நர்ஸ் கூப்பிட்டாள்.

புரை இன்னும் முற்றவில்லை, ஆபரேஷன் பிறகுதான் என்று, இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, புரை விழுந்த கண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டார்கள். அன்று மத்தியான பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஒரு கண்ணில் கட்டும் மற்றதில் மருந்துமாக அவர் எந்தப் பக்கம் திரும்பிக் கையசைப்பது என்று தெரியாமல் டிரைவர் பக்கம் பார்த்துக் கையசைத்தார்.

அந்தக் கம்பெனிப் பங்குகளை விற்றுவிட வேண்டும் என்று அன்று வீட்டுக்கு நடக்கும்போது நினைத்தேன். விற்று யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், ஒரு பெண் படிக்க. மனதார நினைத்தேன். ஆனால் அப்போது விலை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று தள்ளினேன். அந்த வருஷம் எங்கள் இரண்டாவது பெண்ணுக்கு வரன் திகைந்தது. கல்யாணச் செலவெல்லாம் அந்தப் பங்குகளிலிருந்துதான். அது எந்தத் தோட்டத்துப் பணம் என்று என் மனைவிக்குத் தெரியாது. "நீங்க சமத்து, அப்பவே வாங்கிப் போட்டேள்" என்று எல்லோர் எதிரிலும் பெருமையாகச் சொன்னாள்.

அவருக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தேன். வரவில்லை. பத்து நாள் கழித்து அவர் தம்பியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அண்ணன் காலமாகி மூன்று மாதம் ஆகிறது, தங்கள் விலாசம் எங்களுக்குத் தெரியாததால் அறிவிக்க முடியவில்லை, பத்திரிகை வந்த பிறகுதான் விலாசம் கிடைத்தது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்.